முதல் போலீஸ் மோட்டார் சைக்கிள் 1911-இல் வரவில்லை

"உலகின் முதல் போலீஸ் மோட்டார் சைக்கிள் 1911-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஓடியது, அதற்கு முன் போலீசுக்குக் குதிரைதான்" என்ற தகவல் பழைய படங்களோடு திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. அது தவறு.

1911-இல் பெர்க்லியில் காவல் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் மோட்டார் சைக்கிள் ரோந்துப் பிரிவை முறைப்படி அமைத்தார் என்பது பெரும்பாலோர் ஏற்கும் செய்தி. அந்தப் பெருமை அவருக்கு உரியதே. ஆனால் பிரிவு அமைத்ததையும் வண்டி ஓட்டியதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ் 1908-லேயே தங்களிடம் வண்டி வாங்கியதாக மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் சொல்கிறது. இல்லினாயின் எவன்ஸ்டன் போலீசும் அதே ஆண்டு ஒன்று வாங்கியது. போர்ட்லண்டில் 1909-இல் ஒரு காவலர் சொந்த வண்டியிலேயே ரோந்து போனார். குதிரைக்கு அடுத்து நேராக மோட்டார் சைக்கிள் என்பதும் சரியல்ல. வோல்மரே முதலில் தம் காவலர்களை மிதிவண்டியில்தான் அனுப்பினார்.

1908-இன் ஹார்லியைப் பார்த்தால் மிதிவண்டியின் வாரிசு என்றே தோன்றும். ஒற்றை சிலிண்டர், பின்சக்கரத்தைச் சுழற்ற ஒரு தோல் பெல்ட், பெடலை மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹார்லியின் அடையாளமான, இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்த வி-ட்வின் எஞ்சினே 1909-இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே "1908 டெட்ராய்ட்" என்ற குறிப்போடு இரட்டை சிலிண்டர் ஹார்லியின் படம் வந்தால், அந்த ஆண்டு தவறு.

உடுப்பில் மட்டும் குதிரைக்காலம் தொடர்ந்தது: சவாரிக் காற்சட்டை, முழங்கால் வரை தோல் உறை, தலையில் விளிம்புத் தொப்பி.