25 கிலோமீட்டர் என்பது ஆழம் அல்ல
நார்வேயின் ஹோர்னெலன் படுகையில் (மணலும் கற்களும் வந்து சேர்ந்த பழைய தாழ்நிலம்) 25 கி.மீ. தடிமனுக்குப் படிவுகள் இருப்பதால் அங்கே அவ்வளவு ஆழமான பள்ளம் இருந்தது என்றும், அவை மலை உயர்ந்தபோதே உருவானவை என்றும் சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. முதலில் அந்த 25 கி.மீ. கிழக்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கும் அடுக்குகளை மேற்கிலிருந்து ஒவ்வொன்றாக அளந்து கூட்டிய எண்தான் அது. அலமாரியில் சாய்ந்து நிற்கும் புத்தகங்களின் தடிமனைக் கூட்டுவது போல.

சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், அதற்கு முன் கண்டங்கள் மோதி உயர்ந்திருந்த கலிடோனிய மலைத்தொடர் இழுபட்டு விரிந்தது. அப்போது படுகை மேற்கே நகர்ந்துகொண்டே போக, புதிய மணலும் கூழாங்கற்களும் அதன் கிழக்கு ஓரத்திலேயே வந்து சேர்ந்தன. கிழக்கே போகப்போக அடுக்குகளின் வயது குறைவதே இதற்குச் சான்று.

அப்புறம், இந்தப் படிவுகள் கண்டங்கள் மோதி மலை உயர்ந்தபோது உருவானவை என்பதும் தவறு. மோதலின் சான்று அடியில் உள்ள எக்லோகைட் பாறைகள், அதாவது மிக ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் உருவாகும் பாறைகள். படுகை அதற்குப் பிந்தைய விரிவில் பிறந்தது.