தஞ்சாவூருக்கு இரண்டு நாள், மூன்றே இடம்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எல்லார் வாட்ஸப்பிலும் ஒரே மாதிரி ஒரு டூர் அட்டவணை சுற்றும். ஒரு வேன், பதினாறு பேர், பெரிய கோயில், ஒன்பது நவக்கிரகத் தலம், கும்பகோணம், சுவாமிமலை, எல்லாம் இரண்டே நாளில். நவக்கிரகம் நேர்த்திக்கடன் என்றால் அதற்குத் தனியாகப் போய்வாருங்கள், தவறே இல்லை. ஆனால் ஊர் பார்க்கிற பயணத்தோடு அதைச் சேர்த்துக் கட்டினால் இரண்டுமே கெடும்.

எங்கே கெடும் என்றால், மதியம். பெரும்பாலான கோயில்களைப் போலப் பெரிய கோயிலிலும் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நாலு மணி ஆகும். வேன்காரர்கள் பதினொன்றரைக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். செருப்பை வெளியே விட்டாயிற்று, முற்றம் முழுக்கக் கருங்கல், தலைக்கு மேலே வெயில். நார் விரிப்பு போட்டிருக்கும் பாதையை விட்டு ஓர் அடி விலக முடியாது. கால் சுடுகிறது என்று ஓட்டமும் நடையுமாகச் சாமி கும்பிட்டுவிட்டு, நந்தி முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலுக்கு நாம் கொடுப்பது நாற்பது நிமிடம்!

ஆகவே இடத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். பெரிய கோயில் இரண்டு தடவை, அரண்மனை, கும்பகோணம் பக்கத்துத் தாராசுரம் கோயில். போதும்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு உழவன் எக்ஸ்பிரஸ் வசதி. எழும்பூரில் இரவு ஏறினால் விடிகாலையில் தஞ்சாவூர். அறை எடுக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள்: 24 மணி நேர செக்-இன்னா, மதியம் 12 மணிக்கா? பின்னது என்றால் விடிகாலையில் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார வேண்டியதுதான். ரயிலடிக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் இடையில் தங்கினால் கோயிலும் அரண்மனையும் பக்கம். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே அறை போட்டால் ஆட்டோவுக்கே காசு கரையும்.

காலை ஆறரைக்கெல்லாம் கோயிலுக்குள் இருங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் விமானத்தின் முகத்தில் நேராக விழும், படமும் அப்போதுதான் நன்றாக வரும். மாலையில் அதே இடத்தில் நின்றால் வெயில் நம் கண்ணில் அடிக்கும். அதனால் மாலையில் தென்மேற்கு மூலைக்குப் போய்விடுங்கள், 216 அடி விமானமும் பொன்னிறமாகத் தெரியும். நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி சொன்னால் தலையாட்டிவிட்டு முற்றத்தைப் பாருங்கள், நிழல் நீட்டிப் படுத்திருக்கும்.

விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை விட்டுவிடாதீர்கள். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று தான் கொடுத்ததோடு அக்கா குந்தவை கொடுத்ததையும் வெட்டச் சொன்ன அரசன் அவன். வடமேற்கில் இருக்கும் சுப்பிரமணியர் சன்னதி நாயக்கர் காலத்தது. தச்சு வேலையோ என்று நினைக்கும்படி கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள், அதற்கே அரை மணி நேரம் வேண்டும். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றின் சோழர் ஓவியங்களைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வளாகத்திலேயே தொல்லியல் துறை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் படமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பிரதோஷமா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். நந்திக்கு அபிஷேகம் பார்க்க ஆசை என்றால் அன்றைக்கே வரலாம். சிற்பம் பார்க்க அன்று மாலை உதவாது, கூட்டம் நெரியும். புதன்கிழமையும் வேண்டாம், அரண்மனை வளாகத்திலுள்ள சரஸ்வதி மகால் நூலகத்துக்கு விடுமுறை. ஜனவரியில் தியாகராஜர் ஆராதனை நாட்களில் திருவையாற்றில் மட்டுமல்ல, தஞ்சாவூரிலும் அறை கிடைப்பது பாடு.

பத்து மணிக்கு மேல் அரண்மனை. கட்டடம் பல இடங்களில் களையிழந்துதான் கிடக்கிறது, மைசூர் மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே சொத்து கலைக்கூடத்துச் செப்புத்திருமேனிகள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவரை, அதாவது காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவனை, தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் காளை கிடையாது, அது காணாமல் போய்விட்டது. ஆனால் சிவனுடைய கை அதன் மேல் சாய்ந்தபடியே நிற்கிறது. தலையில் பாம்பு சுற்றிய ஜடைக்கட்டு, இடுப்பில் ஓர் ஒயிலான வளைவு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய உலோகம் என்று நம்ப மனசு வராது. அங்கேயே தாராசுரத்திலிருந்து கொண்டுவந்த கங்காளமூர்த்தி (எலும்புக்கூடு தாங்கிய சிவன்), ரிஷிபத்தினிகள் (முனிவர்களின் மனைவியர்) சிலைகளும் உண்டு. அதையும் பார்த்துவைத்தால் மறுநாள் தாராசுரம் இன்னும் நன்றாகப் புரியும்.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், இந்தத் திட்டத்தில் தூக்கமும் ஓர் அங்கம். நாலரைக்கு மறுபடி பெரிய கோயில். இருட்டும் வரை புல்தரையில் உட்காரலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கும்பகோணம் பஸ். தாராசுரம் கும்பகோணத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும், நிற்குமா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில். அளவில் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில்கூட வராது, நுணுக்கத்தில் அதைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி. கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக, பெயர் பொறித்து வரிசையாக இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது, குந்தி உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் தேர் வடிவ முன்மண்டபத்தில் சக்கரத்தையும் குதிரையையும் நிதானமாகப் பார்க்கலாம். தட்டினால் இசைக்கும் என்று சொல்லப்படும் படிகளுக்குக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள், அதற்காகவே போனால் ஏமாற்றம்தான். கோயில் தெருமட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும். பொங்கலை ஒட்டி வருவது உத்தமம்.

அங்கிருந்து கும்பகோணத்தில் ஒரு காபி. தெம்பிருந்தால் சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகுக் கரு செய்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி வார்ப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கங்கைகொண்ட சோழபுரத்தையும் ஒட்டவைக்காதீர்கள், தஞ்சாவூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் பக்கம் வரும். அது வேறொரு பயணம்.

தஞ்சாவூர் ஓவியம் வாங்குபவர்கள் தங்க ரேக்கா வெறும் ஜிகினாத் தாளா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஜிகினா சில வருடத்தில் கறுத்துவிடும். ரயிலில் போகிறவர்கள் கண்ணாடி போடாமல் வாங்கி ஊரில் சட்டம் போட்டுக்கொள்வது நல்லது. கடைசி மாலை திருவையாற்றுக் காவிரிக்கரைக்குப் போனால் அசோகா வாங்குங்கள். பாசிப்பருப்புப் பண்டம், நாள்கணக்கில் தாங்காது. கால் கிலோவுக்கு மேல் வேண்டாம்.