கல்யாணத்துக்கு நாங்கள் காரிலேயே வருகிறோம்

என் மாமியாரை எடை மெஷினில் ஏறச் சொன்ன நாளை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

"எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்? நான் ஏறினா உங்க விமானம் விழுந்துடுமா?"

"விழாது அத்தை. ஆனா உங்க பெட்டியை எடுத்துட்டுப் போக முடியாது."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் இருந்தது.

சிறு விமானம் ஒன்று வாங்கிக் குடும்பத்தோடு அதிலேயே பயணம் போகலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இன்னும் இரண்டு பேரோடு கூட்டாக ஒரு செஸ்னா 172-ஐ ஏழு வருடமாக வைத்திருக்கிறேன். 1956-இல் விற்பனைக்கு வந்த மாடல். இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள், வேறு எந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. அந்த அளவுக்குச் சாதாரணமான, சாதுவான வண்டி. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எடைக் கணக்கு. நான்கு சீட் இருக்கிறது என்றால் நான்கு பேர் போகலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் மாடல் அதிகபட்சம் 1,157 கிலோவோடு புறப்படலாம். விமானத்தின் சொந்த எடையைக் கழித்தால் எங்களுடையதில் மிஞ்சுவது சுமார் 390 கிலோ. டேங்கை நிரப்பினால் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 200 லிட்டர், அதுவே 144 கிலோ. மீதி 246. நான் 78, மனைவி 62, மாமியார் 70, மகள் 34. கூட்டிப் பாருங்கள், 244 வருகிறது. அப்புறம் பெட்டிக்கு எங்கே இடம்? ஆளுக்கு ஒரு கைக்குட்டை எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, டேங்கைப் பாதிதான் நிரப்ப வேண்டும். மணிக்கு 32, 34 லிட்டர் குடிக்கும். பாதி டேங்க் என்றால் மூன்று மணி நேரம். அதில் கடைசி ஒரு மணி நேரத்தை நான் தொடுவதில்லை. பகலில் அரை மணி நேரக் கையிருப்பு போதும் என்று பல நாட்டு விதிகள் சொல்கின்றன, குடும்பத்தை வைத்துக்கொண்டு எனக்கு அது போதாது. மிச்சம் இரண்டு மணி நேரப் பறப்பு, சுமார் 400 கிலோமீட்டர். எடை மொத்தமாகச் சரியாக இருந்தாலும், பின்பக்கம் கனத்துவிட்டால் வேறு சிக்கல் வரும். வால் தாழ்ந்த விமானம் வேகம் குறைந்து ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், மூக்கைக் கீழே இறக்கி மீட்பது கடினம். அதனால்தான் மகளின் பள்ளிப் பையைக்கூட எடை போடுகிறேன். அவளுக்கு இதெல்லாம் விளையாட்டு. சூட்கேஸை இப்போது அவளே தூக்கிப் பார்த்து "பதினொன்று" என்கிறாள், அரைக் கிலோ முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

நேரம் மிச்சமாகுமா என்பது அடுத்த கேள்வி. கொஞ்சம் ஆகும். எங்கள் விமானத்தின் வேகம் 120 நாட், அதாவது மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர். ஆனால் வீட்டிலிருந்து விமானத் தளத்துக்குப் போக வேண்டும், விமானம் நிற்கும் கொட்டகையான ஹேங்கரைத் திறக்க வேண்டும், சுற்றி வந்து ஒவ்வொரு கீலையும் போல்ட்டையும் பார்க்க வேண்டும், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இறங்கிய பிறகு ஊருக்குள் போக வண்டி தேட வேண்டும். 150 கிலோமீட்டருக்குக் கார்தான் ஜெயிக்கும். 1,000 கிலோமீட்டருக்கு டிக்கெட் வாங்கிப் பெரிய விமானத்தில் போய்விடலாம். நடுவில் 300 முதல் 700 வரை, அதுவும் இடையில் மலையோ கடலோ குறுக்கிட்டு, நேரடி விமானமும் இல்லாத ஊர் என்றால் நம் வண்டி நன்றாகப் பயன்படும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், வருடாந்திரச் சோதனை மூன்றும் வந்து நிற்கும். 2,000 மணி நேரத்தில் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொல்கிற அளவு. அதற்கான பணத்தை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எடுத்து வைக்க வேண்டும். வருடத்துக்கு நூறு மணி நேரம் பறக்காதவன் வாடகைக்கு எடுப்பதே மேல் என்று பழைய விமானிகள் சொல்வார்கள். மூன்று பேர் கூட்டு என்றால் அந்தக் கணக்கு கொஞ்சம் இளகும். சும்மா நிறுத்தி வைத்தாலும் கேடுதான். எங்கள் இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது, வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் எண்ணெய் எல்லாம் வடிந்து அது துருப்பிடிக்கும்.

இன்னொன்று, யாரும் விருந்தில் பேசாத விஷயம். இந்த இன்ஜின்களுக்கு ஊற்றுகிற நீல நிற பெட்ரோலில் இன்னமும் ஈயம் இருக்கிறது. கார் பெட்ரோலில் எப்போதோ நிறுத்தியாயிற்று. ஈயமில்லாத மாற்று எரிபொருள் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. அதுவரை தளத்தைச் சுற்றி வாழும் குழந்தைகள் மேல் நான் எதைத் தூவுகிறேன் என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் மைத்துனன் கல்யாணம். 450 கிலோமீட்டர் தூரம், நடுவில் மலைத்தொடர். "மாமா, நீங்க பிளேன்லயே வந்து இறங்குங்க, எல்லாருக்கும் காட்டணும்" என்று அவன் பல தடவை சொல்லிவிட்டான். நானும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் காலை ஏழு மணிக்கு விமானத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நின்றோம். மேகம் 800 அடியில் கூரை போட்டிருந்தது. பத்து மணிக்குத் தெளியும் என்றது வானிலை அறிக்கை. பத்துக்கு 1,500 அடி ஆயிற்று. பதினொன்றரைக்கு 2,000. மலை முகட்டின் உயரம் 3,000-க்கு மேல்.

அப்போது என் மூளை செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மலையைச் சுற்றிப் பள்ளத்தாக்கு வழியாகப் போகலாம் என்று வரைபடத்தை விரித்தேன். அந்தப் பக்கம் நிச்சயம் வெயில் அடிக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்ப்போம், முடியாவிட்டால் திரும்பிவிடலாம் என்றேன். பள்ளத்தாக்கில் திரும்ப இடம் இருக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை.

மனைவி கேட்டாள்: "கல்யாணம்னு ஒண்ணு இல்லேன்னா இப்ப கிளம்புவீங்களா?"

நான் பதில் சொல்லாமல் பெட்டிகளை இறக்க ஆரம்பித்தேன். காரில் மலையைச் சுற்றிக்கொண்டு போனோம். வழியில் ஒரு பாலம் பழுது, ஐந்து மணி நேரம் நின்றோம். மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி கல்யாணத்தை மனைவி பார்க்கவில்லை. விமானத்தை நம்பாமல் முதலிலேயே காரில் கிளம்பியிருந்தால் முந்தின நாள் மாலையே சேர்ந்திருப்போம். அவள் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

1999 ஜூலை 16 அன்று, அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் கிளம்பியதும் ஒரு கல்யாணத்துக்குத்தான். சித்தப்பா மகளின் கல்யாணம் மறுநாள். மனைவியும் மனைவியின் அக்காவும் கூட இருந்தார்கள். பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேரும் திட்டம். தாமதமாகி, இரவு 8.38-க்குத்தான் அவருடைய பைப்பர் சாரடோகா விமானம் கிளம்பியது. வானிலை சட்டப்படி பறக்கத் தக்கதாகவே இருந்தது. ஆனால் கடலுக்கு மேல் புகைமூட்டம் போன்ற மங்கல், கண்ணுக்கு அடிவானம் தெரியவில்லை. மார்த்தாஸ் வினியார்டு தீவுக்கு அருகே விமானம் கடலில் விழுந்து மூன்று பேரும் இறந்தார்கள். இருட்டில் திசையுணர்வு குழம்பி விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது விசாரணை முடிவு. கருவிகளை மட்டுமே பார்த்துப் பறப்பதற்கான பயிற்சியைத் தொடங்கியிருந்தார், முடித்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் கையில் அன்று பள்ளத்தாக்கு வரைபடம் இருந்தது.

அடிவானம் மறைந்தால் என்ன ஆகும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். உடல் சாய்கிறதா நேராக இருக்கிறதா என்பதை உள்காதில் உள்ள திரவம் சொல்கிறது. மெதுவான திருப்பம் கொஞ்ச நேரம் நீடித்தால் அந்தத் திரவம் அடங்கிவிடும், நேராகப் போகிறோம் என்று காது சாதிக்கும். விமானமோ சாய்ந்தபடியே சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். 1954-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். வெளிப்பார்வை மறைந்த பிறகு ஒருவர் விடாமல் எல்லோருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நான் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதிச் சான்றை, அதாவது ரேட்டிங்கை, எடுத்துவிட்டேன். ரத்தாகும் பயணங்கள் குறைந்தன, நிற்கவில்லை. எங்கள் இறக்கையில் பனிக்கட்டி உறைந்தால் அதை நீக்க வழி கிடையாது. இடிமேகத்தை விட்டு 20 கடல் மைல் விலகித்தான் போக வேண்டும். எந்த ரேட்டிங்கும் இதை மாற்றாது.

அதனால் என் கட்சி இதுதான்: தேதி குறித்த எதற்கும் சிறு விமானத்தில் போகாதீர்கள். கல்யாணம், சாவு, தேர்வு, மருத்துவமனை, திங்கட்கிழமை காலை மீட்டிங் எதற்கும் வேண்டாம். போகாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லாத பயணத்துக்கு மட்டும் எடுங்கள். "அப்படியானால் வாங்கியே பயனில்லையே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பயன் பார்த்து வாங்குகிற பொருள் இல்லை இது. அமெரிக்கக் கணக்கில் தனியார் சிறு விமானங்கள் சுமார் ஒரு லட்சம் மணி நேரம் பறந்தால் உயிர்போகும் விபத்து ஒன்று நடக்கிறது. பெரிய விமானங்களோடு அதை ஒப்பிடவே முடியாது, மோட்டார் சைக்கிளோடு வேண்டுமானால் வைத்துப் பார்க்கலாம். அந்த விபத்துகளில் பல, போயே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தில் தொடங்கியவை. அந்தப் பிடிவாதத்தை நாமே தேதி போட்டு அழைத்து வரக்கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது யார் வேண்டுமானாலும் "வேண்டாம்" சொல்லலாம், காரணம் கேட்க மாட்டேன். மகள் ஒரு தடவை சும்மா சொல்லிப் பார்த்தாள். பெட்டியை இறக்கினேன். அதற்குப் பிறகு அவள் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

மனைவியும் வெறும் பயணி இல்லை. ரேடியோவில் 121.5 என்ற அவசர அலைவரிசையில் உதவி கேட்கவும், ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற ஆபத்துக் குறியீட்டைப் போடவும், ஆட்டோபைலட்டைப் போட்டு விமானத்தை நேராக வைக்கவும் பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டாள். எனக்கு நெஞ்சு வலி வந்தால் பின் சீட்டில் மகள் இருப்பாள் அல்லவா. சிர்ரஸ் விமானங்களில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு, கைப்பிடியை இழுத்தால் போதும். எங்களிடம் அது இல்லை.

இதையும் நண்பர் தெரிந்துகொள்ளட்டும். இந்த விமானங்களில் ஹீட்டருக்குச் சூடு புகைப்போக்கியைச் சுற்றி வரும் காற்றிலிருந்து கிடைக்கிறது. புகைப்போக்கியில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. ஒரு குளிர்கால காலையில் பின் சீட்டில் மகளும் மாமியாரும் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். டேஷில் ஒட்டியிருந்த சின்ன அலாரம் கத்தியது. ஹீட்டரை அணைத்து, காற்றுத் துவாரங்களைத் திறந்து, பக்கத்திலிருந்த தளத்தில் இறங்கினேன். விரிசல் ஒரு நகத்தளவு. அலாரம் இல்லையென்றால் குழந்தை அசந்து தூங்குகிறது என்றே நினைத்திருப்பேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு விடியற்காலை, தரை சூடாகி விமானம் குலுங்க ஆரம்பிக்கும் முன் கிளம்பினோம். 6,500 அடியில் காற்று அசையவில்லை. மகள் மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் விரலால் தொட்டு வந்தாள். திடீரென்று, "அப்பா, நாம காரில் சுத்திப் போவோமே அந்த மலை, இவ்ளோதானா?" என்றாள். அத்தை ஹெட்செட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை, கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது மகளின் காது அடைக்கக்கூடாது என்று நிமிடத்துக்கு 300 அடி வீதம் இறக்கினேன், எச்சில் விழுங்கச் சொல்லிக்கொண்டே. இறங்கியதும் அத்தை கேட்டது ஒன்றுதான்: "திரும்பிப் போறப்பவும் இதே வழியா மாப்பிள்ளை?"

நண்பருக்கு என் யோசனை, வாங்கும் முன் ஒரு வருடம் வாடகை விமானத்தில் பறந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிளம்ப நினைத்த நாள் எத்தனை, கிளம்பிய நாள் எத்தனை என்று. என் நோட்டில் போன வருடம் 31 பயணம் திட்டமிட்டு 19 போயிருக்கிறேன். போகாத 12-இல் ஒன்பது வானிலை, இரண்டு, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் கோளாறு, ஒன்று என் சளி. அந்தப் 12-ஐப் பார்த்து எரிச்சல் வந்தால் நீங்கள் கார் வாங்குவது நல்லது.

மைத்துனன் குழந்தைக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். காரில் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.