வெண்திரைப் படங்கள் செயற்கை நுண்ணறிவின் தயாரிப்பா?

ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோவின் படமாளிகை ஒளிப்படங்களில் ஒளிரும் வெண்திரை செயற்கை நுண்ணறிவால் அழித்து வெளுக்கப்பட்டது என்றும், கலைஞர் கிறிஸ்டியன் மார்க்லேயின் ‘தி குளொக்’ என்ற காணொளிப் படைப்பு கணினி தானாகக் கோத்த துண்டுகள் என்றும் கொழும்புத் தமிழ் இளைஞரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு பரவிவருகிறது. இரண்டும் தவறு.

சுகிமோட்டோவின் வரிசையில் 1978ஆம் ஆண்டில் எடுத்த படங்களும் உள்ளன. படங்களைத் திருத்தும் மென்பொருளான ஃபொட்டோஷொப் விற்பனைக்கு வந்ததோ 1990இல்தான். திரைப்படம் தொடங்கும்போது பெரிய வடிவக் கமராவின் மூடியைத் திறந்து, படம் முடியும்போது மூடுவதே அவர் முறை. விநாடிக்கு 24 சட்டகங்கள் என்றால் இரண்டு மணி நேரத்தில் 1,72,800 சட்டகங்கள் ஒரே பிலிம் தாளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன. எந்த ஒரு காட்சியும் தனித்து நிலைக்காமல், எல்லாவற்றின் ஒளியும் சேர்ந்து திரை வெண்மையாகிறது. அந்த ஒளியே சுவரின் சிற்ப வேலைப்பாடுகளையும் வெற்று இருக்கைகளின் விளிம்புகளையும் நமக்குக் காட்டுகிறது. திறந்தவெளிப் படமாளிகைப் படங்களை உற்றுப் பாருங்கள்: கடந்துசென்ற விமானங்களின் விளக்குகள் வானில் கோடுகளாக நீண்டிருக்கும். நீண்ட நேர ஒளிப்பதிவுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இத்தனை பொறுமையான உழைப்பை ஒரு பொத்தானின் வேலையாகச் சுருக்குவது பெரும் அநீதி.

மார்க்லேயின் படைப்பு 2010இல் வெளியானது. அதற்காக அவர் மறு ஆண்டு வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்க விருது பெற்றார். உதவியாளர்கள் திரைப்படங்களிலிருந்து கடிகாரக் காட்சிகளைத் தேடியெடுக்க, அவர் அவற்றை 24 மணி நேரத்துக்குத் தொகுத்தார். காட்டப்படும் ஊரின் நேரத்தோடு அது இசைந்து ஓடுவதால், கொழும்பில் மாலை 4 மணிக்குத் திரையிட்டால் திரையிலுள்ள கடிகாரமும் 4 மணியையே காட்டும்.