மூடியைத் திறப்பதற்கு முன்

அம்மாவுக்கு அப்போது கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது சுற்று முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏசி பஸ், நான்கு மணி நேரப் பயணம், ஜன்னல் கண்ணாடியைத் திறக்க வழியில்லாத வண்டி. கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முன் சீட்டில் இருந்தவர் மடியில் வைத்திருந்த டப்பாவைத் திறந்தார். பொரித்த மீன். நல்ல மீன்தான், வேறொரு நாளாக இருந்தால் எனக்கே நாக்கில் நீர் ஊறியிருக்கும். அம்மா எதுவும் சொல்லவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டார். இன்னொரு கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அந்தப் பிடியிலேயே தெரிந்துவிட்டது, இன்னும் சில நிமிடங்கள்தான் தாங்குவார் என்று.

முன்னால் சாய்ந்து மெதுவாகச் சொன்னேன். "அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. அம்மாவுக்கு உடம்பு முடியலை, சாப்பாட்டு வாடை எதுவுமே ஒத்துக்க மாட்டேங்குது." அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். "ஐயோ, கவனிக்கலைங்க" என்று சொல்லி மூடியை அழுத்தி மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார்.

பொதுப் போக்குவரத்தில் வாடை அடிக்கும் சாப்பாட்டைச் சாப்பிடலாமா, கூடாதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்தான் நினைவுக்கு வருவார். இந்தப் பேச்சில் சாப்பிடுகிறவரை எப்போதும் நாகரிகம் தெரியாதவராகவே காட்டுகிறார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பசித்தது, சாப்பிட்டார். தன் டப்பாவிலிருந்து கிளம்பிய நெடி பின் சீட்டில் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

வழியே இல்லை என்பதை நானே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன், ரயிலில் ஏசி பெட்டியில், வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையும் பூண்டு போட்டு வதக்கிய காயும் சாப்பிட்டேன். சாப்பிடும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை கழுவப் போனவன் கதவருகே கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வந்து பெட்டிக் கதவைத் தள்ளினேன். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த வாடைக்குள் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தது நான். அதை எனக்கு முன்னால் அனுபவித்தவர்கள் எதிரில் இருந்த நான்கு பேர். ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூக்கின் இயல்பே அதுதான். ஒரே வாடைக்குள் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். பிறகு அதைப் பற்றி மூளைக்குச் சேதி சொல்வதைக் குறைத்துக்கொள்ளும். சாப்பிடுகிறவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அவர் பசியோடு இருக்கிறார், வாயில் சுவையும் இருக்கிறது, அதனால் அவருக்கு அது மணம். பக்கத்தில் இருப்பவருக்குச் சுவை இல்லை, பசி இல்லை, வாடை மட்டும் வந்து சேர்கிறது. "அப்படி ஒண்ணும் வாடை வரலையே" என்று சாப்பிடுகிறவர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து ஒரு முடிவுக்கு வரவும் முடியாது.

வாங்கிக்கொள்கிறவர் பக்கம் பாருங்கள். பிடிக்காததைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளலாம், காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளலாம். மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும்? பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகப் போய்த்தான் உணரப்படுகின்றன. வாசனை அந்தச் சுற்றுவழிக்குக் காத்திருப்பதில்லை. உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புள்ள பகுதிகளை நேராகவே போய்த் தொடுகிறது. அதனால்தான் ஒரு வாடை வந்ததும் யோசிக்கும் முன்பே வயிறு புரட்டுகிறது. கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கும் மேல் ஆரம்ப மாதங்களில் குமட்டல் இருக்கும். வண்டி ஆட்டத்துக்கே தலை சுற்றுகிறவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், அம்மா மாதிரி சிகிச்சையில் இருப்பவர்கள் என்று ஒரு பெட்டியில் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

இடமும் மாறிவிட்டது. ஜன்னல் திறந்த வண்டியில் காற்று வாடையை அள்ளிக்கொண்டு போய்விடும். ஏசி வண்டி உள்ளே இருக்கும் காற்றில் பெரும்பகுதியைத்தான் திரும்பத் திரும்பக் குளிரவைத்துத் தருகிறது. விமானத்தில் ஹெப்பா வடிகட்டி இருக்கிறதே என்பார்கள். அது தூசியையும் கிருமியையும் பிடிக்கும். வாடை என்பது வாயு, அது வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். சூடான சாப்பாடாக இருந்தால் இன்னும் மோசம், சூட்டில்தான் மணமூலக்கூறுகள் வேகமாகக் கிளம்பும். ஆறிப்போன பொட்டலத்துக்கும் ஆவி பறக்கும் பொட்டலத்துக்கும் மூடிய பெட்டிக்குள் நிறைய வித்தியாசம் உண்டு.

அப்படியானால் வாடை அடிக்கும் சாப்பாட்டை மட்டும் தடை செய்துவிட்டால் போதாதா? ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் அதைச் செய்து பார்த்தார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் அங்கே யு6 என்ற சுரங்க ரயில் தடத்தில் கடும் வாடையுள்ள உணவுகளுக்குத் தடை வந்தது. நான்கைந்து மாதத்தில், 2019 ஜனவரியில், எல்லாச் சுரங்க ரயில் தடங்களிலும் எல்லாச் சாப்பாட்டுக்குமே தடை என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. எது கடும் வாடை என்று யார் சொல்வது? அதை அளக்க ஒரு கருவியை யார் கையில் கொடுப்பது?

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் மிகவும் கனக்கிறது. வாடை என்ற சொல்லுக்குப் பின்னால் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆளை எடைபோடும் வழக்கம் ஒளிந்திருக்கிறது. பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ், அவித்த முட்டை, இவற்றின் நெடிக்கெல்லாம் காரணம் கந்தகச் சேர்மங்கள். வறுத்த காபியின் மணத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்றும் கந்தகச் சேர்மம்தான். ஆனால் ரயிலில் காபிக் கோப்பையைத் திறந்தால் யாராவது முகம் சுளித்துப் பார்த்திருக்கிறீர்களா? கருவுற்றிருக்கும் பல பெண்களுக்குக் காபி வாசனையே ஆகாது. அவர்கள் சொல்வதில்லை, ஏனென்றால் காபியை 'வாடை' என்று சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை.

2001-இல் ரேச்சல் ஹெர்ஸ், ஜூலியா வான் கிளெஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டு அமிலங்களைக் கலந்த ஒரே வாசனையை ஒரே ஆட்களிடம் வெவ்வேறு சமயத்தில் நீட்டினார்கள். ஒருமுறை அதன் பெயர் பர்மேசன் சீஸ். இன்னொருமுறை வாந்தி. பெயர் மாறியதும் பிடித்திருந்தது பிடிக்காமல் போனது. மூக்குக்குப் போனது ஒன்றேதான். நம் மொழியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பழந்தமிழில் நாற்றம் என்றால் பூவின் நறுமணம். இன்று அந்தச் சொல்லை ஒருவர் சாப்பாட்டைப் பார்த்துச் சொன்னால் அது வசவு.

ஒருநாள் கடைசி ரயில். இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. காவலாளிச் சீருடையில் இருந்த ஓர் இளைஞன் கதவருகே நின்றபடி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உட்கார்ந்தால் யாருக்காவது இடைஞ்சலாக இருக்கும் என்றுதான் நின்றிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. பெட்டியில் பாதி காலி. இரண்டு பேர் அவன் காதில் விழும்படியே, "எதை எல்லாம் தின்னுட்டு வர்றானுங்க பாரு" என்றார்கள். அவன் தலையைத் தூக்கவில்லை. பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், அவனுக்கு அன்றைக்குப் பசிதான் பறந்து போனது. அந்த இரண்டு பேரிடமும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அம்மாவுக்கு நேர்ந்ததும் அந்தப் பையனுக்கு நேர்ந்ததும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே விஷயம்: ஒருவர் சாப்பிட்டார், இன்னொருவருக்கு வாடை பிடிக்கவில்லை. ஆனால் அம்மாவால் எழுந்து போக முடியாது, அந்த இரண்டு பேரால் முடியும், பெட்டி காலியாக இருந்தது. எனக்கு அளவுகோல் இதுதான். பக்கத்தில் இருப்பவர் விலகிப் போக முடியுமா, எவ்வளவு நேரம் அவர் இதற்குள் இருக்க வேண்டும்? டப்பாவில் என்ன இருக்கிறது என்பது அதற்கு அப்புறம்.

நகர ரயில்களில் சாப்பிடவே கூடாது என்ற விதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். சிங்கப்பூர் ரயில்களில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம், கடும் நெடியுள்ள டுரியன் பழத்தைக் கொண்டுவரவே கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம், யாரும் பட்டினியால் வாடப்போவதில்லை. எல்லாச் சாப்பாட்டுக்கும் தடை என்னும்போது இன்னாருடைய சாப்பாடு என்ற பேச்சும் எழாது. ஆனால் விதியை நடத்துகிறவருக்குப் பக்குவம் வேண்டும். 2000-ஆம் ஆண்டு வாஷிங்டனில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி ரயில் நிலையத்துக்குள் ஒரே ஒரு உருளைக்கிழங்கு வறுவல் துண்டைச் சாப்பிட்டதற்காகக் கைவிலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். பெரியவர் யாராவது சாப்பிட்டிருந்தால் அபராதச் சீட்டோடு முடிந்திருக்கும். சிறுவர்களுக்கு அந்த வழி அப்போது இல்லை. வழக்கு போனது. அரசியல் சட்டப்படி அந்தக் கைது செல்லும் என்று 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் ஜான் ராபர்ட்ஸ், மறு வருடம் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஆனவர். நடந்ததைப் பற்றி யாருக்கும் மகிழ்ச்சியில்லை என்றுதான் அவரே தீர்ப்பைத் தொடங்கினார். ரயிலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வந்த விதி ஒரு குழந்தையை அழவைக்கும் அளவுக்குப் போகலாமா?

நீண்ட பயணத்துக்கு அதே தடையைக் கொண்டுவந்தால் அது கொடுமை. எட்டு மணி நேரம் ஓடும் வண்டியில் சாப்பிடாதே என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை, இடையில் நிறுத்திச் சாப்பிட நேரம் தந்தால் தவிர. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர், சின்னக் குழந்தையை வைத்திருக்கிறவர், இரவு வேலைக்குப் போகிறவர், இவர்களை எல்லாம் வைத்துத்தான் விதி எழுத வேண்டும்.

இப்போது நான் நீண்ட பயணத்துக்குச் சாப்பாடு கட்டும்போது ஆறியதையும் உலர்ந்ததையும் எடுத்துக்கொள்கிறேன். வேறு வழியில்லாமல் நெடியுள்ளது கையில் இருந்தால் வண்டி நிற்கும் வரை பொறுக்கிறேன். அதுவும் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம், "சாப்பிடலாமா, உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறேன். கேட்டதில் இதுவரை இரண்டே பேர்தான் வேண்டாம் என்றார்கள். அதில் ஒரு பெண் நான்கு மாதக் கர்ப்பம் என்று காரணமும் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் "தாராளமா சாப்பிடுங்க" என்றார்கள், சிலர் தங்கள் டப்பாவையும் எடுத்தார்கள். அப்புறம் ஒன்று, முள்ளையும் முட்டை ஓட்டையும் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூங்குகிறார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. சாப்பாட்டு வாடை பத்து நிமிடம். மிச்சத்தின் வாடை இறங்கும் வரை கூடவே வரும்.

சொல்கிறவர்களும் எப்படிச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். "உங்க சாப்பாடு நாறுது" என்றால் அந்த மனிதரின் வீட்டையும் அடுப்பையும் சமைத்துக் கொடுத்த கையையும் சேர்த்துப் பழிக்கிறோம். "எனக்குக் குமட்டுது" என்றால் நம் உடம்பைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். எதுவும் சொல்லாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு முறைப்பது இரண்டையும்விடக் கேவலம். என் எதிரில் இருந்த அந்த நான்கு பேரில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மூடியிருப்பேனே என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

அந்த பஸ் பிறகு ஒரு முக்கால் மணி நேரம் ஓடி ஒரு நிறுத்தத்தில் நின்றது. முன் சீட்டுக்காரர் பையோடு இறங்கினார். அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்று அவர் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அம்மா என் கையைத் தட்டினார்.

"போய் டிரைவர்கிட்ட சொல்லு, அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கலை."

எழுந்து போய்ச் சொன்னேன்.