மாப்பிள்ளையையும் தாய்வீட்டில் தங்க விடுங்கள்

நம் பக்கம் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடுதான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுப் பெண்ணைக் கூட்டி வருகிறோம். பிள்ளை பிறந்து மூன்று மாதம், சில வீடுகளில் ஐந்து மாதம் கழித்துத்தான் அனுப்பி வைக்கிறோம். நல்ல வழக்கம். பெற்றவள் உடம்பு தேற அம்மா கைச் சோறும், கேட்காமலே வந்து நிற்கிற ஆட்களும் வேண்டும். ஆனால் அத்தனை மாதமும் பிள்ளையின் அப்பா எங்கே இருக்கிறார்?

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வருகிறார். வந்ததும் செம்பில் தண்ணீர், இலை போட்டுக் கறிச்சோறு. பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைக்கிறோம். "பாத்து, கழுத்தப் புடிங்க" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வர, மனிதர் பயந்துபோய் ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஒரு போட்டோ. ஞாயிறு ராத்திரி ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அப்பாவாக அவர் செய்ய ஒரு வேலையைக்கூட நாம் மிச்சம் வைப்பதில்லை.

அதற்குள் அவள் எல்லாம் படித்துவிடுகிறாள். எந்த அழுகை பசிக்கு, எது தூக்கத்துக்கு, எது வயிறு உப்பியதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரை, இரண்டரை மாதத் தடுப்பூசிகளும், ஐந்து மாதம் தங்குகிற வீடுகளில் மூன்றரை மாத ஊசியும் இந்தக் காலத்திலேயே வந்து போய்விடும். ஊசி போட்ட ராத்திரி அனத்துகிற பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தது அம்மாவும் பாட்டியும்தான். பிறகு பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் போகிறாள். பிள்ளை அழுகிறது. அவர் தூக்கிப் பார்க்கிறார், அடங்கவில்லை. "உங்கிட்டதான் நிக்குது, நீயே வச்சுக்கோ" என்கிறார். இந்த ஒரு வார்த்தை வீட்டில் ஏறி உட்கார்ந்தால் பத்து வருஷத்துக்கு இறங்காது. டாக்டரிடம் ஓடுவது, வீட்டுப்பாடம், பள்ளிக்கூட வாட்ஸ்ஆப் குழு என்று எல்லாம் அவள் தலையிலேயே விடியும்.

பால் கொடுக்கிறவளிடம்தான் பிள்ளை ஒட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஷாஃபர், எமர்சன் என்ற இருவர் 60 குழந்தைகளை மாதக்கணக்கில் கவனித்து 1964இல் எழுதினார்கள். பால் கொடுப்பது யார், அதிக நேரம் கூட இருப்பது யார் என்பதைவிட, அழுதால் திரும்பிப் பார்ப்பவர், சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பவர் யாரோ அவரிடம் குழந்தை ஒட்டிக்கொள்கிறது என்று கண்டார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் அப்பாவிடமும் ஒட்டியிருந்தன. ஆக, பால் இல்லாதது அப்பாவுக்குக் குறையே இல்லை. பக்கத்தில் இல்லாததுதான் குறை.

ஆணுக்குப் பிள்ளை வளர்க்க வராது, அது பெண்ணின் உடம்பிலேயே ஊறியது என்ற பேச்சும் நிற்காது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களைப் பின்தொடர்ந்து லீ கெட்லர் குழுவினர் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அப்பாவான பிறகு அவர்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமாவது பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அப்பாக்களுக்கு மற்ற அப்பாக்களைவிட இன்னும் குறைவு. பிள்ளை வந்தால் ஆணின் உடம்பும் அதற்கேற்ப மாறுகிறது.

என் மகளின் பிரசவத்தில் மாப்பிள்ளை இருந்த லீவையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கினார். "அத்தை, கால்ல போட்டுக் குளிப்பாட்ட எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று அவராகவே கேட்டார். முதல் நாள் கை நடுங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் எண்ணெய் தேய்ப்பது, தலை துவட்டி சாம்பிராணி காட்டுவது, பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது எல்லாம் கைவந்துவிட்டது. ராத்திரி ஒரு முறை அவர் எழுந்தார், ஒரு முறை நான். என் மகள் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்கினாள். பெற்றவளுக்கு அந்தத் தூக்கத்தைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியாது.

பார்க்க வந்த நாத்தனார், "என்ன மதினி, மாப்பிள்ளைய போயி பீத்துணி அலச விட்டிருக்கீங்க" என்று வருத்தப்பட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் பார்த்த உலகத்தில் மாப்பிள்ளை அலசியதில்லை, அவ்வளவுதான். ஆனால் நம் பையன்களைப் பிள்ளையிடமிருந்து தள்ளி வைப்பதில் நம் பெண்களுக்கும், முக்கியமாக மாமியார்களுக்கும், பெரிய பங்கு இருக்கிறது. "தள்ளுங்க, உங்களுக்குத் தெரியாது" என்று பிடுங்கினால் அவர் எங்கே கற்றுக்கொள்வார்?

அப்படித் தள்ளியே வைத்த அப்பாவுக்குக் கடைசியில் ஒரே ஒரு உத்தியோகம் கொடுக்கிறோம். "இரு, அப்பா வரட்டும், சொல்றேன்." பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்க்காத மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விசாரணைக்கு வந்த அதிகாரி ஆகிவிடுகிறார். பத்து வயதில் அவரைக் கண்டு பம்முகிற பிள்ளை, பதினைந்து வயதில் ஒரு சிக்கல் என்றால் அவரிடம் எப்படிப் போய் நிற்கும்? எனக்கு இது ரொம்ப வலிக்கிறது, ஏனென்றால் இந்த அப்பாக்களில் பெரும்பாலோர் பிள்ளைக்காக உயிரைக் கொடுப்பவர்கள்.

அப்பா இல்லாமல் அம்மாவோ பாட்டியோ தனியாக வளர்த்த பிள்ளைகள் தலைநிமிர்ந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அவர்களைக் குறைத்து இதில் ஒரு வரியும் இல்லை. நான் பேசுவது, ஆள் இருந்தும் கை சேராத வீடுகளைப் பற்றி. 2024ஆம் ஆண்டு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார்கள், ஒரு நாளைக்கு 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம்.

மனசு இருந்தாலும் லீவு வேண்டுமே என்பீர்கள். சரிதான். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. 2017இல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்திய சட்டத்தில் தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு நாள்கூட இல்லை. கம்பெனி பார்த்துக் கொடுத்தால் உண்டு. அதே வருஷம் அப்பாக்களுக்கும் விடுப்பு கேட்டு அப்போதைய எம்.பி. ராஜீவ் சாதவ் தன் பெயரில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகாமலே போய்விட்டது. ஸ்வீடனில் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள், அதில் 90 நாள் அப்பா எடுக்காவிட்டால் வீணாகும். 2012இல் அங்கே இருவரும் ஒரே நேரத்தில் 30 நாள் வரை வீட்டில் இருக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகு பிள்ளை பெற்ற பெண்கள் பதற்றத்துக்கு மாத்திரை வாங்குவது குறைந்ததாகப் பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தேவைப்பட்ட நாளில் புருஷன் வீட்டில் இருந்ததற்கே இந்தப் பலன்.

கொத்தனாரும் லாரி டிரைவரும் திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரும் லீவு என்று யாரிடம் கேட்பார்கள்? ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் மகப்பேறு உதவி ஏற்கெனவே கொடுக்கிறார்கள். அதோடு, பிள்ளை பிறந்த வீட்டு அப்பாவுக்கு 15 நாள் கூலியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். வளைகாப்புக்கு நாள் குறிக்க உட்காரும்போதே, மாப்பிள்ளை எத்தனை நாள் நம்மோடு தங்குவார், எந்த அறையில் படுப்பார் என்பதையும் பேசி முடிவு பண்ணுங்கள்.