அது அவருடைய வீடு அல்ல

அது அவருடைய வீடு அல்ல. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

வியாழக்கிழமை எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் கொழும்பு விஜேராம மாவத்தைதான். குரக்கன் சால்வையோடு அவர் வெளியே வருகிறார், சுற்றி நிற்பவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள், வாகனங்கள் தங்காலைக்குப் புறப்படுகின்றன. முன்னாள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச வீட்டைவிட்டு வெளியேறினார் என்றே எல்லோரும் சொன்னார்கள். தமிழில் சொன்னவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஒரு சொல் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

அது அரசாங்கத்தின் வீடு. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த சலுகை. அந்தச் சலுகையை நீக்கும் சட்டமூலம் 2025 செப்டம்பர் 10ஆம் திகதி நாடாளுமன்றத்தில் 151 வாக்குகளால் நிறைவேறியது. மறுநாள் அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டு தன் ஊரில் உள்ள தன் சொந்த வீட்டுக்குப் போனார். விட்டுவிட்டு வந்த மாளிகையின் மாத வாடகை மதிப்பு 46 லட்சம் ரூபாய் என்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 ஜனவரியில் பொதுக்கூட்டத்திலேயே சொன்னார். போய்ச் சேர்ந்த தங்காலைக் கார்ல்டன் இல்லத்துக்குக் கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, வாசலில் வரவேற்க ஆட்கள் இருந்தார்கள். ஒரு மனிதன் தன் சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதைப் பார்த்து ஏன் அழுகிறார்கள்? எங்கள் ஊரில் அதற்குப் பால் காய்ச்சுவார்கள்.

தொலைக்காட்சியில் அழுதவர்களோடு இது நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை அக்கா, கண் சிவக்க வந்து உட்கார்ந்தார். ஹம்பாந்தோட்டைப் பக்கத்துக்காரர். பதினொரு வருடமாக என்னை "மல்லி", சிங்களத்தில் தம்பி, என்றுதான் கூப்பிடுகிறார். ஆரம்பத்தில் ஒருமுறை சாப்பாடு கொண்டுவராமல் போனேன், அன்றிலிருந்து தன் பார்சலைப் பிரிக்கும்போது எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பார். அவரைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்ல என் வாய் வராது. அவர் சொன்னார்: "பாவம் மல்லி, இந்த வயதில் ஒரு மனிதனை வீட்டைவிட்டுத் துரத்துவதா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?"

யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா.

நான் பதில் சொல்லவில்லை. கோப்பைத் திறந்து வேலை செய்கிற மாதிரி இருந்தேன். இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நடந்திருக்கிறது அக்கா. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம், எனக்குப் பதினொரு வயது. நாங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி. எட்டுப் பரப்புக் காணி, செம்மண், நாற்சார் வீடு, கிணற்றடியில் இரண்டு எலுமிச்சை. ஷெல் விழத் தொடங்கியதும் அப்பா சைக்கிளில் தம்பியை ஏற்றினார், நானும் அம்மாவும் நடந்தோம். இரண்டு நாளில் திரும்பலாம் என்று அம்மா உலையில் போட இருந்த அரிசியை மறுபடி பானையில் கொட்டி மூடி வைத்தார். அந்த ஜூன் மாதத்தில் பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்குப் பிரதேசமே எழுந்து நடந்தது. மல்லாகத்தில் சொந்தக்காரர் வீட்டு விறாந்தை, பிறகு வாடகை அறை, பிறகு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30, மழை, நாவற்குழிப் பாலம், மனிதர்மேல் மனிதர். அன்று அம்மா ஒரு மாற்றுச் சேலையைக்கூட எடுக்கவில்லை. காணி உறுதியை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். உறுதி நனையவில்லை. நாங்கள் எல்லோரும் நனைந்தோம்.

அப்பா 2004இல் சுன்னாகத்து வாடகை வீட்டில் செத்தார். அம்மா 2018இல் அதே வீட்டில். இடையில் கோவில் திருவிழாவுக்கென்று சில தடவை பஸ்ஸில் ஏற்றி, இராணுவம் வேலி போட்டு வைத்திருந்த எங்கள் ஊருக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பஸ்ஸை எங்கள் ஒழுங்கையில் நிறுத்த மாட்டார்கள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "இதுதான், இல்லை அடுத்தது, இல்லை இதுதான்" என்பார். எல்லாம் பற்றையாக இருந்தது. தன் வீட்டு ஒழுங்கையைத் தானே கண்டுபிடிக்க முடியாத வெட்கம் அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தங்காலைக்குப் போனவருக்குத் தன் வீட்டு வாசல் எது என்று தெரிந்திருந்தது.

இப்போது சிலர் சொல்வார்கள், 1990இல் மஹிந்த ஜனாதிபதி இல்லையே, அப்போது பிரேமதாச அல்லவா என்று. சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்களை எழுப்பியது அவர் இல்லை. ஆனால் போர் 2009 மே மாதம் முடிந்தது. அதன் பிறகு 2015 ஜனவரி வரை இந்த நாட்டில் அவர் நினைத்து நடக்காதது எது? ஜனாதிபதி இரண்டு முறைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற வரம்பையே 2010 செப்டம்பரில் 18ஆம் திருத்தத்தால் நீக்க முடிந்தவருக்கு, ஒரு முட்கம்பி வேலியை நீக்க முடியாமல் போனதா? நீக்காதது மட்டுமா? வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை அரசாங்கம் சுவீகரிக்கப்போவதாக 2013இல் அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் பரப்புக் கணக்கில் அது ஒரு லட்சத்துக்கு மேல். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். உரிமையாளர்கள் சில மைல் தூரத்தில் நலன்புரி முகாம்களில் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கில் திரண்டு நீதிமன்றம் போனார்கள். அந்த அறிவித்தலைக் கேள்விப்பட்ட அன்று அம்மா உறுதியை எடுத்து மேசையில் விரித்துவைத்து, "நான் இருக்கிறேனே" என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அந்த வேலிக்குள்ளேதான் அவருடைய ஆட்சியில் இன்னொரு மாளிகை எழுந்தது. கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கம், மக்களுடைய காணிகளையும் சேர்த்து வளைத்து, கடலைப் பார்த்தபடி ஒரு ஜனாதிபதி மாளிகை. ஆட்சி மாறிய பிறகுதான் வெளியில் உள்ளவர்கள் அதைக் கண்ணால் கண்டார்கள். கொழும்பில் ஒன்று, தங்காலையில் ஒன்று, கீரிமலையில் எங்கள் சனத்தின் மண்ணில் ஒன்று. அதற்கு அன்றைக்கு யாராவது அழுதார்களா? இப்போது கண்ணைத் துடைக்கிறவர்களில் ஒருவராவது, அந்தக் காணிக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார்களா?

வவுனியா மெனிக் பாம் முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் வன்னிச் சனம் என்னை மன்னிக்காது. 2009இல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை முட்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். அந்த முகாம் பிரிவுகளுக்கு ஆனந்தகுமாரசாமி, இராமநாதன், அருணாசலம் என்று எங்கள் பெரியவர்களின் பெயரையே வைத்தார்கள். 2012 செப்டம்பரில் முகாமை மூடினோம் என்று அறிவித்தபோது, கடைசியாக இருந்த கேப்பாப்பிலவுச் சனத்தைக் கேப்பாப்பிலவுக்கு அனுப்பவில்லை. காட்டை வெட்டிய இன்னொரு இடத்தில், சீனியாமோட்டையில், கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்களிடமும் வீடு இருந்தது. அதற்குள் இராணுவ முகாம் இருந்தது.

இனி அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். புலிகள் முஸ்லிம்களை விரட்டவில்லையா? விரட்டினார்கள். அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம். என்னோடு படித்தவன் ஒருவன் புத்தகப்பை இல்லாமல் போனான், இன்றுவரை எனக்கு அதை நினைத்தால் தலை குனிகிறது. எங்கள் பெரியவர்கள் அன்று வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எங்கள் மௌனத்தைச் சொல்லி உங்கள் மௌனத்தை மூடாதீர்கள். வீடிழந்த எல்லோரும் ஒரு பக்கம். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மாளிகையைத் திருப்பிக் கொடுத்தவர் அந்தப் பக்கத்தில் இல்லை.

"திசைகாட்டிக்காரன் ஆகிவிட்டாயா?", அதாவது அநுரவின் கட்சிக்காரன் ஆகிவிட்டாயா, என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். இல்லை. 2025 ஏப்ரலில் வசாவிளான், பலாலி வீதியைத் திறந்தார்கள், முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு. ஓடிப் போனேன். நடந்து போகக் கூடாது, படமெடுக்கக் கூடாது என்று பலகை. பழைய அம்மா மாதிரியே ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு போய் வந்தேன். எங்கள் காணி இன்னும் வேலிக்கு உள்ளேதான். அதற்கு இந்த அரசாங்கத்தையும் கேட்பேன், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு சட்டத்தை எல்லா முன்னாள் ஜனாதிபதிகளுக்கும் ஒரே மாதிரிப் பொருத்தினால் அதைப் பழிவாங்கல் என்று எப்படிச் சொல்வது? சந்திரிகாவுக்கும் மைத்திரிக்கும் அதே சட்டம்தானே?

போரை வென்று தந்தவர், அவருக்கு இதையாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா என்கிறார்கள். ராஜபக்சக்களின் கட்சியான மொட்டுக்காரர்களின் கடைசி வாதம் எப்போதும் இதுதான். இதற்கு என்னிடம் அமைதியான பதில் இல்லை. வென்றது யாரை? எங்கள் அம்மாவும் தோற்றவர்களின் பட்டியலில்தான் இருந்தாரா? ஒரே நாடு, ஒரே மக்கள், இனிச் சிறுபான்மை என்று யாரும் இல்லை என்று 2009இல் நாடாளுமன்றத்தில் பேசினார். நானும் கேட்டேன். ஒரு நிமிடம் நம்பவும் செய்தேன். ஒரே மக்கள் என்றால் ஒருவரின் வீடு மட்டும் ஏன் கண்ணீருக்கு உரியது?

சிங்களச் சனத்துக்கு அவர் மேல் உள்ள பாசத்தையும் நான் முழுக்கக் கேலியாக நினைக்கவில்லை. பிள்ளைகளை இராணுவத்துக்கு அனுப்பிய ஏழைத் தாய்மாருக்கு, இனிச் சவப்பெட்டி வராது என்ற நிம்மதியை அவர் கொடுத்தார். அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அதே தாய்மாரைத்தான் 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வைத்தார்கள். பொருளாதாரத்தைச் சீரழித்து மக்களின் நம்பிக்கையை மீறியவர்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன பெயர்களில் அவருடைய பெயரும் இருக்கிறது, தம்பிமாரின் பெயர்களும் இருக்கின்றன. 2024 ஜனாதிபதித் தேர்தலில் மகன் நாமலுக்கு விழுந்தது 2.57 சதவீதம். சிங்கள மக்களில் பெரும்பாலானோர் கணக்கை முடித்துவிட்டார்கள். அப்படியிருந்தும் ஒரு வாகனம் வெளியேறியதும் நாடு முழுக்கத் தொண்டை அடைக்கிறது என்றால், அந்தப் பாசம் எங்கே ஒளிந்திருந்தது, எங்களுக்கு அதில் ஒரு துளிகூட ஏன் மிச்சமில்லை?

நான் எங்கே தொடங்கினேன், எங்கே வந்து நிற்கிறேன் என்று தெரிகிறது. உண்மையில் எனக்கு அவர்மேல் உள்ள கோபம் பழையது, ஆறிப்போனது. அழுகிறவர்கள்மேல்தான் தாங்க முடியவில்லை. அதிலும் எல்லோர்மேலும் இல்லை.

அம்மா செத்தபோது அந்த அக்கா கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் சுன்னாகத்துக்கு வந்து இறங்கினார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவர்கள் அழும்போது தானும் அழுதார். புறப்படும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார்: "மல்லியின் வீடு சின்னதாக இருந்தாலும் நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது." அது எங்கள் வீடு அல்ல என்று சொல்ல எனக்கு அன்று தெம்பில்லை. வாடகை வீடு, அடுத்த மாதம் காலி செய்ய வேண்டியிருந்தது. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏழு வருடம் போய்விட்டது. பலாலியில் விமானநிலையம் திறந்ததைப் பற்றி அவர் என்னிடம் பேசியிருக்கிறார், யாழ்ப்பாணத்து மாம்பழத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். "உங்கள் ஊர் எது, வீடு எங்கே" என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேட்காததற்கு அவரை நோகிறேனா, சொல்லாததற்கு என்னை நோகிறேனா என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டாரே, அது வலிக்கிறது. வேறு யாரைப் பார்த்துக் கேட்டிருந்தாலும் இப்படி வலித்திருக்காது.

அம்மாவின் உறுதி இப்போது என்னிடம் இருக்கிறது. மடித்த இடங்களில் கிழியத் தொடங்கிவிட்டது. நேற்று அதற்கு ஒரு நிழற்பிரதி எடுத்தேன். நாளை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், அவர் பார்சலைப் பிரிக்கும் முன்பு, அதை அவர் மேசையில் வைக்கப்போகிறேன். தமிழில் எழுதிய உறுதி. வடக்கே யார் காணி, கிழக்கே எந்த ஒழுங்கை, கிணற்றில் எத்தனை பங்கு என்று ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களம் தெரியும்.